முன்னெச்சரிக்கை என்றால் தடை என்று அர்த்தமா?

கேள்வி இது: மரபணு மாற்றப்பட்ட உயிரினங்களை ஒழுங்குபடுத்தும் விஷயத்தில் அடிக்கடி இழுக்கப்படும் 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்பது, 'ஆபத்தே இல்லை என்று நிரூபிக்கும் வரை அனுமதி கிடையாது' என்பதுதானா? அப்படியானால் எந்தப் புதுத் தொழில்நுட்பத்தையும் அதை வைத்தே முடக்கிவிடலாமே?

இல்லை. ஆனால் அப்படிப் புரிந்துகொள்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பலரும் அந்த அர்த்தத்தில்தான் கோட்பாட்டைக் கையிலெடுக்கிறார்கள். ஆதரிப்பவர்களும் அதே அர்த்தத்தில்தான் அதைக் கிண்டல் செய்கிறார்கள். இரு தரப்புக்கும் வசதியான அர்த்தம் அது. மூல வாசகத்தை எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டுப் பிரகடனத்தின் 15ஆவது கொள்கை என்ன சொல்கிறது? கடுமையான அல்லது மீட்க முடியாத சேதம் வரும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில், முழுமையான அறிவியல் உறுதி கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி, சுற்றுச்சூழல் கெடுவதைத் தடுக்கக்கூடிய, செலவுக்கேற்ற பலனுள்ள நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது. அவ்வளவுதான். இன்னொரு முறை மெதுவாகப் படித்தால் தெரியும், இந்த வாசகத்தின் வினைச்சொல் 'செய்யாதே' இல்லை, 'தள்ளிப்போடாதே'.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. கோட்பாட்டின் வேர் 1970களின் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே அதன் பெயர் 'ஃபோர்சோர்கே'. முன்கூட்டியே கவனித்துக்கொள்வது என்று சொல்லலாம். காற்று மாசு காடுகளைப் பாதிக்கிறதா என்ற சர்ச்சை நடந்த காலம். எந்தப் புகைபோக்கியின் புகை எந்த மரத்தைப் பட்டுப்போக வைத்தது என்று கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது. முடியாது என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு புகையை விட்டுக்கொண்டிருக்கலாம். அந்தச் சாக்கு செல்லாது என்று சொல்லத்தான் கோட்பாடு பிறந்தது. அதாவது, கோப்பைக் கிடப்பில் போடுவதற்கு எதிராக எழுதப்பட்ட வாசகம் இது. இன்று அதே வாசகம் பல இடங்களில் கோப்பைக் கிடப்பில் போடவே பயன்படுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதில் தானாக வந்துவிடும்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1998இல் அமெரிக்காவின் விங்ஸ்பிரெட் என்ற இடத்தில் கூடிய அறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் ரியோவில் இல்லாத ஒன்று சேர்ந்தது: ஒரு செயலை முன்மொழிகிறவர்தான் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சுமக்க வேண்டும், பொதுமக்கள் அல்ல. அதே சமயம் ரியோவில் இருந்த 'கடுமையான அல்லது மீட்க முடியாத', 'செலவுக்கேற்ற' என்ற இரண்டு நிபந்தனைகள் காணாமல் போயின. ஆக, ஒரே பெயரில் குறைந்தது இரண்டு கோட்பாடுகள் உலவுகின்றன. ஒன்று மெலிந்தது, இன்னொன்று வலுவானது. விவாதம் சூடாகும்போது ஒருவர் ஒன்றை ஆதரித்துப் பேசுவார், மற்றவர் இன்னொன்றைத் திட்டுவார். பாதிச் சண்டை இதனால்தான்.

நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு என்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. விதையை விற்று லாபம் பார்ப்பவர் ஆய்வுச் செலவைச் செய்யட்டும். சிக்கல் 'எதை நிரூபிப்பது' என்பதில் இருக்கிறது. புதுப் புரதம் ஒன்று ஒவ்வாமை தருமா என்ற சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு பாதுகாப்பு ஆய்வுக் கோப்பைப் புரட்டினால் அதற்கு நேரடியான ஒற்றைச் சோதனை எதுவும் இருக்காது. அந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையை, ஏற்கெனவே ஒவ்வாமை தருவதாகத் தெரிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். 80 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டில் 35 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் மணி அடிக்கும். இரைப்பைச் சாற்றைப் போன்ற ஒரு கலவையில் போட்டு எவ்வளவு சீக்கிரம் சிதைகிறது என்று பார்ப்பார்கள். சூட்டைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இப்படிப் பல சின்னச் சின்னத் தடயங்களைக் கூட்டி ஒரு முடிவுக்கு வருவார்கள். உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் 2003இல் வகுத்த வழிகாட்டுதல் ஏறக்குறைய இதுதான்.

இது வேலை செய்கிறதா? சில நேரம் நன்றாகவே. 1990களில் ஒரு விதை நிறுவனம் சோயாவின் ஊட்டத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துச் சேர்த்தது. பிரேசில் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தச் சீரத்தில் சோதித்தபோது அந்தப் புரதமே ஒவ்வாமைக்குக் காரணம் என்று தெரிந்தது. திட்டம் கைவிடப்பட்டது, சோயா சந்தைக்கே வரவில்லை. இந்தக் கதையை 'பார்த்தீர்களா, எவ்வளவு ஆபத்து' என்று ஒருவர் சொல்வார். 'பார்த்தீர்களா, சோதனை பிடித்துவிட்டது' என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் 'எந்தக் காலத்திலும் யாருக்கும் எந்தத் தீங்கும் வராது' என்று நிரூபிக்கச் சொன்னால் எந்த உணவாலும், பல நூற்றாண்டாகச் சாப்பிட்டுவரும் உணவாலும்கூட, அதைச் செய்ய முடியாது. அந்த அளவுகோலை வைத்தால் அது கோட்பாடு இல்லை, பூட்டு.

அப்படியானால் எந்த அளவுகோலை வைப்பது? நான் முதலில் கேட்கும் கேள்வி: தப்பு நடந்தால் திரும்ப அழைக்க முடியுமா?

மனித இன்சுலினைச் சுரக்கும்படி மாற்றப்பட்ட பாக்டீரியா ஒரு மூடிய எஃகுத் தொட்டிக்குள் வளர்கிறது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. நாளைக்கு ஏதோ கோளாறு என்று தெரிந்தால் தொட்டியை மூடிக் கொதிக்கவைத்துக் கழுவிவிடலாம். இந்த வகை மரபணு மாற்றத்தைப் பற்றி யாரும் தெருவில் இறங்கிக் கத்துவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒரு புல். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஒரு சிற்றூர் (ஆமாம், அதே பெயர்தான்). அதன் பக்கத்தில் கோல்ஃப் மைதானங்களுக்காகக் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் ஒரு வகைப் புல்லைச் சோதனைக்காகப் பயிரிட்டார்கள். இந்தப் புல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பல்லாண்டு வாழும். மகரந்தம் காற்றில் பறக்கும். விதை தூசி மாதிரி இருக்கும். தரையோடு ஓடும் தண்டு துண்டானால் துண்டிலிருந்தே வேர் விடும். இத்தனையும் உள்ள செடிக்குக் களைக்கொல்லியைத் தாங்கும் சக்தியையும் கொடுத்தாயிற்று. 2004இல் வெளியான ஆய்வில், சோதனைத் திடலிலிருந்து 21 கிலோமீட்டர் தள்ளி இருந்த புல்லிலும் அந்த மரபணு போய்ச் சேர்ந்திருந்தது தெரிந்தது. அப்புறம் வாய்க்கால் கரைகளில் தானாக முளைத்து நிலைத்துவிட்டது. வழக்கமான களைக்கொல்லி அடித்தால் சாகாது. பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தும் முழுதாக ஒழியவில்லை.

இந்தப் புல் யாரையும் கொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'மீட்க முடியாத' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. மக்காச்சோளத்தையும் இந்தப் புல்லையும் ஒரே தட்டில் வைப்பது எவ்வளவு பிழை என்பதும் இதில் தெரியும். மக்காச்சோளம் மனிதன் விதைக்காவிட்டால் காட்டில் பிழைத்துக்கொள்ளாத பயிர். காட்டு உறவுகள் பக்கத்தில் இல்லாத இடத்தில் அதன் மரபணு தப்பி ஓடிக் குடியேற வழியே குறைவு. அதனால் 'மரபணு மாற்றம் ஆபத்தா?' என்ற கேள்விக்கே பதில் கிடையாது. எந்த உயிரினம், எந்தப் பண்பு, எந்த இடம் என்று கேட்டால்தான் பேசவே ஆரம்பிக்க முடியும்.

இரண்டாவது, நாம் சரியான இடத்தில்தான் எச்சரிக்கையாக இருக்கிறோமா என்பது. இதற்கு மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது.

பி.டி. மக்காச்சோளம் ஒரு மண் பாக்டீரியாவின் நச்சுப் புரதத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் பயிர். 1999இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் மகரந்தத்தை மில்க்வீட் இலைகள்மேல் தூவினார்கள். மில்க்வீட் எருக்கின் உறவுச் செடி. மொனார்க் புழுக்கள் அதைத் தவிர வேறெதையும் தின்னாது. நான்கு நாளில் அந்தப் புழுக்களில் 44 சதவீதம் செத்துப்போயின. சாதாரண மகரந்தம் தூவிய இலையைத் தின்றவற்றில் ஒன்றும் சாகவில்லை. கட்டுரை நேச்சர் இதழில் வந்ததும் உலகமே கொதித்தது. ஆனால் எவ்வளவு மகரந்தம் தூவினோம் என்று அவர்கள் எண்ணி அளந்திருக்கவில்லை. வயலில் பார்த்த இலை மாதிரி கண்ணுக்குத் தெரியும்வரை தூவினார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல குழுக்கள் வயலில் இறங்கி, ஓர் இலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மகரந்தத் துகள் விழுகிறது, எத்தனை விழுந்தால் புழுவுக்குத் தீங்கு என்று எண்ணினார்கள். 2001இல் முடிவு வந்தது: பரவலாகப் பயிரிடப்பட்ட வகைகளால் மொனார்க்குக்கு வரும் ஆபத்து மிகச் சொற்பம். ஒரே ஒரு வகையின் மகரந்தத்தில் மட்டும் நச்சு அதிகம், அது சந்தையிலிருந்தே போய்விட்டது. எச்சரிக்கை மணி அடித்தது, விசாரணை நடந்தது, பதில் கிடைத்தது. கோட்பாடு இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் மொனார்க்குகள் குறைந்துகொண்டேதான் போயின. மகரந்தத்தால் இல்லை. இன்னொரு வகை மரபணு மாற்றப் பயிரால், அதுவும் சுற்றி வளைத்து. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளமும் சோயாவும் வந்த பிறகு வயல் முழுக்கக் கிளைஃபோசேட் அடிக்க முடிந்தது. வரப்புக்குள் வளர்ந்த மில்க்வீட் ஒழிந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1999க்கும் 2010க்கும் இடையில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. மொனார்க்கின் சரிவுக்கு இது மட்டும்தான் காரணமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் பாருங்கள், எல்லோரும் மகரந்தத்தில் விஷம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சாப்பாட்டுத் தட்டே காணாமல் போய்க்கொண்டிருந்தது. 'மரபணு ஆபத்தானதா' என்று கேட்டவர்கள் 'இந்த மரபணு வந்தால் விவசாயம் எப்படி மாறும்' என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஒரு சோதனை பிரிட்டனில் நடந்தது. 1999இல் தொடங்கி, பீட் கிழங்கு (சர்க்கரைக்கும் தீவனத்துக்கும் வளர்ப்பது), கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிர், மக்காச்சோளம் ஆகியவற்றை நூற்றுக்கணக்கான வயல்களில் பயிரிட்டார்கள். ஒவ்வொரு வயலையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்றப் பயிர், மறு பாதியில் சாதாரணப் பயிர். பிறகு களை, களை விதை, தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் பாதி பாதியாக எண்ணினார்கள். 2003 அக்டோபரில் முடிவு வந்தது. பீட் கிழங்கிலும் எண்ணெய்வித்திலும் மரபணு மாற்றப் பாதியில் களையும் விதையும் குறைவு, அவற்றை நம்பிய பூச்சிகளும் குறைவு. மக்காச்சோளத்தில் நேர் தலைகீழ், மரபணு மாற்றப் பாதியில்தான் உயிர்ப்பெருக்கம் அதிகம். ஏன் தெரியுமா? சாதாரண மக்காச்சோளத்துக்கு அடிக்கப்பட்ட அட்ரசின் என்ற களைக்கொல்லி மருந்து அவ்வளவு கடுமையானது. மரபணுவைப் பற்றி நடந்த சண்டை கடைசியில் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற கேள்வியில் வந்து நின்றது. எனக்குப் பிடித்த ஆய்வு இது. இரு தரப்பையும் சமமாக எரிச்சல்படுத்தியது.

இன்னொரு சங்கடம் நிபந்தனைகளைப் பற்றியது. எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று காகிதத்தில் ஒரு நிபந்தனை போடுவது எளிது. ஸ்டார்லிங்க் என்ற பி.டி. மக்காச்சோளத்தின் நச்சுப் புரதம் சூட்டைத் தாங்கியது, செரிமானச் சோதனையிலும் மெதுவாகத்தான் சிதைந்தது. ஒவ்வாமை வருமோ என்ற சந்தேகத்தில் 1998இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி தந்தது, மனித உணவுக்கு இல்லை. படித்தால் நியாயமான முடிவு மாதிரி இருக்கும். ஆனால் அறுவடையான மக்காச்சோளம் ஒரே கிடங்கில், ஒரே லாரியில், ஒரே ரயில் பெட்டியில் கலந்து போகிறது. 'நான் தீவனம், என்னை உணவில் கலக்காதே' என்று தானியம் சொல்லுமா? 2000 செப்டம்பரில் டாக்கோ ஓடுகளில் (மக்காச்சோள மாவில் செய்யும் மெக்சிகோ பாணித் தின்பண்டம்) அது கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 300 உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப அழைத்தார்கள். ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் இரத்தத்தைச் சோதித்த அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், அந்தப் புரதம்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஆக, ஆபத்து பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை எச்சரிக்கை என்று எண்ணி ஏமாந்தது அமெரிக்கா, இத்தனைக்கும் இந்தக் கோட்பாட்டைப் பெயர் சொல்லியே ஏற்காத நாடு அது.

சட்டப் பக்கத்துக்கு வருவோம், வேகமாகவே கடந்துவிடுகிறேன். கார்ட்டஹேனா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 2000 ஜனவரியில் மாண்ட்ரியலில் ஏற்கப்பட்டு 2003 செப்டம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றப்பட்ட உயிரினம் எல்லை தாண்டும்போது, போதிய அறிவியல் தகவல் இல்லாததால் உறுதி கிடைக்காவிட்டாலும் இறக்குமதி நாடு தக்க முடிவை எடுக்கலாம் என்று அது சொல்கிறது. அமெரிக்கா அதில் உறுப்பினர் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் விதிகள் வேறு மாதிரி. அங்கேயும் முன்னெச்சரிக்கைக்கு ஒரு சந்து உண்டு. அறிவியல் சான்று போதாதபோது தற்காலிக நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் மேலும் தகவலைத் தேட வேண்டும், நியாயமான காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இந்த 'தற்காலிக', 'தேட வேண்டும்', 'காலத்துக்குள்' என்ற மூன்றையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

1998க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் புதிய மரபணு மாற்றப் பயிர்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தது. தடை என்று எங்கேயும் எழுதவில்லை. விண்ணப்பங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2003இல் அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2006இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீண்ட தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கை என்பது பன்னாட்டுச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுதானா என்ற பெரிய கேள்விக்கு, வழக்கை விசாரித்த குழு பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டது. மரபணு மாற்ற உணவு பாதுகாப்பானதா என்றும் சொல்லவில்லை. தேவையில்லாத தாமதம் நடந்தது, அது தவறு என்று முக்கியமாகச் சொன்னது. ஐரோப்பா தோற்றது எச்சரிக்கையாக இருந்ததற்காக இல்லை, முடிவு எடுக்காமல் இழுத்தடித்ததற்காக. இத்தனைக்கும் 2000 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையமே ஓர் ஆவணம் வெளியிட்டிருந்தது. முன்னெச்சரிக்கை நடவடிக்கை அபாயத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், செய்வதன் பலனையும் செய்யாததன் பலனையும் எடைபோட வேண்டும், புதுத் தகவல் வந்தால் மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஊருக்கு உபதேசம்!

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், கிரிஸ்பர் (மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் நுட்பம்) போன்ற புதிய முறைகளால் மரபணுத் திருத்தம் செய்த பயிர்களும் மரபணு மாற்ற உயிரினங்களே, முழு ஒழுங்குமுறையும் அவற்றுக்குப் பொருந்தும் என்றது. அதே சட்டத்தில் கதிர்வீச்சாலும் இரசாயனத்தாலும் விதைகளைத் தாக்கி உருவாக்கும் வகைகளுக்கு விலக்கு உண்டு. அந்த முறையில் மரபணுத்தொகுதி முழுக்க எங்கெங்கே என்னென்ன உடைந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, நல்ல செடியைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். உலகம் முழுக்க இப்படி 3,000க்கு மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. நீதிமன்றம் சொன்ன காரணம், பழைய முறைகளுக்கு நீண்டகாலப் பாதுகாப்பு வரலாறு இருக்கிறது என்பது. சட்டப்படி அந்த வாதம் நிற்கும். ஆனால் சம்மட்டியால் அடித்த செடிக்கு விசாரணை இல்லை, ஊசியால் தைத்த செடிக்கு முழு விசாரணை என்பது எனக்கு உறுத்துகிறது. பழகியதற்கு இடம் கொடுத்துப் புதியதற்குப் பயப்படுவது மனித இயல்புதான், ஆபத்தை அளக்கும் வழி அது இல்லை.

சரி, எதிர்ப்பக்கத் தராசுத் தட்டில் என்ன இருக்கிறது? அனுமதிக்காமல் இருப்பதாலும் யாரோ ஏதோ இழக்கலாம். 2002இல் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கடும் உணவுப் பஞ்சம். உதவியாக வந்த மக்காச்சோளத்தில் மரபணு மாற்றியது கலந்திருந்தது. அந்தப் பகுதி நாடுகள் சில, முளைக்காதபடி மாவாக அரைத்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றன. ஜாம்பியா அரைத்த மாவையும் மறுத்தது. அரைத்து வாங்கிய நாடுகள் செய்ததுதான் என் கண்ணுக்கு அசல் முன்னெச்சரிக்கை. விதையாகப் போய் வயலில் பரவிவிடும் என்பது உண்மையான கவலை, அரைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது, பசித்தவனுக்குச் சாப்பாடும் கிடைத்தது. ஜாம்பியாவின் முடிவில் ஐரோப்பியச் சந்தையை இழந்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்பது தனிக் கேள்வி.

பி.டி. கத்திரிக்காயின் கதையும் இந்தத் தராசில்தான் வருகிறது. 2009 அக்டோபரில் இந்தியாவின் நிபுணர் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு 2010 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அமைச்சர் அதை நிறுத்திவைத்தார். கால வரம்பு எதுவும் போடவில்லை. அதே மரபணு மாற்றம் செய்த கத்திரியை வங்கதேசம் 2013இல் அனுமதித்து, 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளிடம் நாற்றுக் கொடுத்துப் பார்த்தது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கத்திரியின் தாய்நிலத்தில், காட்டு உறவுகள் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில், தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆனால் 20 பேரிடம் கொடுத்துப் பார்த்த நாட்டுக்கு வயலிலிருந்து தகவல் வந்தது. நிறுத்திவைத்த நாட்டுக்கு வந்தது இன்னொரு வருடம், அப்புறம் இன்னொரு வருடம்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சில ஆபத்துகளில் லாபநட்டக் கணக்கே பொருந்தாது. ஒரே ஒரு முறை நடந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும், அதனால் எவ்வளவு சிறிய வாய்ப்பு இருந்தாலும் தொடவே கூடாது என்பது அந்த வாதம். பொதுவாக இது சரி. ஆனால் பயிர் மக்காச்சோளத்துக்கு இதைப் பொருத்துவது எனக்கு மிகையாகப் படுகிறது. 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் பெரிய அறிக்கை, விற்பனையில் உள்ள மரபணு மாற்ற உணவுகளால் உடல்நலக் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் பெரும் பிரச்சினை என்றும் அதே அறிக்கை சொன்னது. இந்த வாதம் முழுசாகப் பொருந்தும் இடம் வேறு, 'ஜீன் டிரைவ்'. வழக்கமாக ஒரு மரபணு அடுத்த தலைமுறையில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போகும். இந்த நுட்பத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், அவற்றின் பிள்ளைகளுக்கும் போகும், காட்டில் இருக்கும் இனம் முழுக்கப் பரவும்வரை. மலேரியா பரப்பும் கொசுவை ஒழிக்க இதைப் பயன்படுத்தலாம் என்ற ஆய்வு நடக்கிறது. பரவுவதுதான் இங்கே வடிவமைப்பே. நாடுகளின் எல்லை அதற்குத் தெரியாது. 2018இல் உயிரியல் பன்மய உடன்படிக்கை நாடுகள் இதில் முன்னெச்சரிக்கை அணுகுமுறை வேண்டும் என்று முடிவெடுத்தபோது எனக்கு ஆட்சேபமே இல்லை. எதிர்த்தட்டில் மலேரியாவில் சாகும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடவில்லை.

சரியாகச் செய்யப்பட்ட முன்னெச்சரிக்கை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் எல்லாவற்றுக்கும் முந்தைய கதைக்குத்தான் போவேன். 1974இல் மரபணுக்களை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்ட விஞ்ஞானிகளே, பால் பெர்க் தலைமையில், சில வகைச் சோதனைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்போம் என்று கடிதம் எழுதினார்கள். கட்டி உண்டாக்கும் வைரஸின் மரபணுவை, மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவுக்குள் போட்டால் என்ன ஆகும் என்ற பயம். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் கூடினார்கள். ஆபத்துக்கேற்பப் படிப்படியான தடுப்புகளை வகுத்தார்கள். சோதனைச்சாலைக்கு வெளியே பிழைக்கவே முடியாதபடி பலவீனமாக்கிய பாக்டீரியா வேண்டும் என்று கேட்டார்கள், ஒருவர் அதை உருவாக்கியும் கொடுத்தார். 1976இல் அரசு விதிகள் வந்தன. பயந்தது நடக்கவில்லை என்று தெரியத் தெரிய, அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே விதிகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார்கள்.

விஞ்ஞானிகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள், மக்களைக் கேட்கவில்லை என்று ஒரு குறை உண்டு, நியாயமான குறை. அதற்கும் பதில் ஒரு நகரத்தில் நடந்தது. 1976 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதுச் சோதனைச்சாலை கட்டக் கிளம்பியபோது, அது இருக்கும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரசபை இந்த ஆய்வுகளுக்கு மூன்று மாதத் தடை போட்டது. பிறகு அதை நீட்டித்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர்மக்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தது. எரிபொருள் எண்ணெய் வியாபாரி ஒருவர், செவிலியாக இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் என்று அதில் இருந்தவர்கள் யாரும் இந்தத் துறை ஆள் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து இரு தரப்பு விஞ்ஞானிகளையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். 1977 தொடக்கத்தில், அரசு விதிகளுக்கு மேல் கூடுதலாகச் சில கட்டுப்பாடுகளோடு ஆய்வை அனுமதிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். நகரசபை அதையே சட்டமாக்கியது. அதன் பிறகு விதி என்னவென்று தெளிவாகத் தெரிந்த ஊர் என்பதால் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து குடியேறின. அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது, அங்கே மரபணு ஆய்வு செய்ய நகரத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.